முச்சந்தியில் இருபது நிமிடம்

2025ஆம் ஆண்டு மே மாதம் பதினேழாம் தேதி, சனிக்கிழமை, காலை எட்டு மணி நாற்பத்திரண்டு நிமிடம். இரவெல்லாம் பெய்த மழை விடியற்காலையில்தான் விட்டிருந்தது. வானம் வெளுத்து, வெயில் அதற்குள் முதுகில் ஒட்ட ஆரம்பித்திருந்தது. செம்மண் சாலை காயவில்லை. அந்த நேரத்தில், சுங்கை லாலாங்கில், ஒரு பழைய ரப்பர் தோட்டத்துக் கோயிலுக்குத் திரும்பும் முச்சந்தியில், அத்தனை கூட்டத்துக்கு நடுவே என் மேல் அம்மன் வந்ததாகச் சொல்கிறார்கள்.

வரவில்லை. எனக்கு வயது எழுபத்து நான்கு. என் மேல் எது வந்தது, எது வரவில்லை என்று எனக்குத் தெரியும்.

முப்பத்தொரு வருடம் தோட்டத்து ஆபீசில் கிராணியாக, கணக்கெழுதும் குமாஸ்தாவாக, இருந்தவன் நான். காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களை எண்ணுவதில் தொடங்கி, மாலையில் ரப்பர் பால் வாளிகளை எண்ணுவதில் முடியும் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் எண்ணுவது நிற்கவில்லை. படிக்கட்டு ஏறினால் படியை எண்ணுவேன். தேத்தண்ணீரில் சீனி எத்தனை கரண்டி என்று பார்ப்பேன். ஆகையால் உருமி மேளம் கேட்கும்போது மட்டும் கடிகாரத்தைப் பார்க்காமல் இருப்பேன் என்று யாரும் எதிர்பார்க்கக் கூடாது.

நான் கேட்பது ஒரே ஒரு குழுவை. பாடாங் மேஹா பக்கத்துப் பதினொரு பேர். பகலில் டயர் கடையிலும் லாரியிலும் கையுறை ஆலையிலும் வேலை செய்பவர்கள். கல்யாணத்திலும் கடைத் திறப்பிலும் அவர்கள் அடிப்பது நான்கு நிமிடப் பாட்டுகள். அதைக் கேட்க நான் போக மாட்டேன். கோயில் ஊர்வலத்தில், சாலையில் நிற்க வைத்து அடிக்கச் சொன்னால்தான் அவர்கள் வேறு ஆட்கள். உருமி தனியாக உறுமிக்கொண்டு தொடங்கும். வளைந்த குச்சி தோலை இழுக்க இழுக்க, வயிற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு சத்தம். பம்பை வந்து சேரும், தவில் வந்து சேரும், ஜால்ரா கணக்கு வைக்கும். பிறகு ஒரு கட்டத்தில் கணக்கை விட்டுவிட்டுக் கிளம்புவார்கள். எங்கே போகிறார்கள், எப்போது திரும்புவார்கள் என்று முன்கூட்டிப் பேசி வைப்பதில்லை. இதை நாங்கள் ‘விட்டு அடிப்பது’ என்போம். விட்டு அடிப்பது நல்லதா, வீண் வேலையா என்பதுதான் எங்கள் சண்டை.

சண்டை நடக்கும் இடம் பீடோங்கில் ஒரு பாயின் சாப்பாட்டுக் கடை. ஞாயிறு மாலை ஐந்து மணி. சுவரோரம் மூன்றாவது மேசை. இரண்டாவது மேசையில் உட்கார்ந்தால் காற்றாடி என் பிடரியில் ஊதும். வருகிறவர்களில் முக்கியமானவர்கள் இரண்டு பேர். ஒருவன் என் மச்சான், மனைவியின் தம்பி, நாற்பது வருடம் லாரி ஓட்டியவன்; அவனும் என்னை மச்சான் என்றுதான் கூப்பிடுவான். இன்னொருத்தி சுங்கை பட்டாணியில் மின்னணு ஆலையில் ஷிப்ட் வேலை பார்ப்பவள், வயது முப்பதுக்குள் இருக்கும். ஆறு வருடமாக அந்தக் குழுவின் பின்னாலேயே சுற்றுகிறாள். எல்லா அடியும் அவள் கைத்தொலைபேசியில் இருக்கிறது. குழுவின் பெயர் போட்ட கறுப்புச் சட்டையைத் தவிர வேறு சட்டையில் அவளை நான் பார்த்ததில்லை.

திருவிழாவுக்கு மூன்று வாரம் முந்திய ஞாயிற்றுக்கிழமை அவள்தான் ஆரம்பித்தாள்.

“செமிலிங்ல அடிச்சதுதான் பெஸ்ட் லா. முப்பத்தொரு நிமிஷம். நடுவுல தவில் எல்லாம் நின்னு, உருமி மட்டும் அழுதுச்சே, ஞாபகம் இருக்கா அங்கிள்?”

“அழுகல, கொட்டாவி விட்டுச்சு,” என்றான் மச்சான். “நான் பக்கத்துலதான நின்னேன். பினாங்குக்குப் போறேன்னு கெளம்பிட்டு ரவுண்டபௌட்டையே சுத்துனானுங்க.”

“சுத்தல. ஒவ்வொரு தடவையும் ஒரு தட்டு தள்ளி விழுது. கேட்டுப் பாருங்க, நான் போடுறேன்.”

“ஒரு தட்டு தள்ளி விழுந்தா அதத் தப்புன்னு சொல்லுவோம்மா.”

“லாரி அங்கிளுக்குக் காது ரிவர்ஸ்ல இருக்கு,” என்றாள் அவள் என்னிடம்.

நான் என் கட்சியைச் சொன்னேன். பல தடவை சொன்னதுதான். பதினோராவது நிமிடம் வரைக்கும் அவர்கள் கூட்டத்துக்காக அடிக்கிறார்கள். அதன் பிறகு ஒருத்தருக்கு ஒருத்தர் பதில் சொல்லிக்கொண்டு அடிக்கிறார்கள். பதினான்கைத் தாண்டினால் யாருக்காக அடிக்கிறோம் என்று அவர்களுக்கே தெரியாது. சரக்கு அங்கேதான் இருக்கிறது. அதற்கு முன்னால் நிறுத்தினால், வாசல் வரைக்கும் வந்துவிட்டு வீட்டுக்குள் நுழையாமல் திரும்பிய மாதிரி.

“யாருக்காக அடிக்கிறோம்னு தெரியாதவனுக்கு எதுக்கு மச்சான் காசு குடுக்கணும்?” என்றான் அவன். “ஒரு விஷயத்தப் பத்து நிமிஷத்துல சொல்ல முடியலன்னா சொல்றதுக்கு ஒண்ணும் இல்லன்னு அர்த்தம்.”

“நீ ஈப்போவிலிருந்து வந்த கதையச் சொல்ல முக்கால் மணி நேரம் எடுத்துக்குவ.”

“அது நடந்த கதை.”

பாய் தே தாரிக்கை வைத்தார். “கிராணியாரே, பேச்சு ஓகே. மேசையில அடிச்சுக் காட்டாதீங்க. போன வாரம் ரெண்டு கிளாஸ் போச்சு.” தேத்தண்ணீரில் வழக்கம்போல சீனி அதிகம்.

அப்போதுதான் மச்சான் செய்தியை வெளியே விட்டான். தேர் இழுக்கிற லாரிக்கு அவன்தான் ஏற்பாடு, அதனால் கோயில் கமிட்டி பேசுவதெல்லாம் அவன் காதுக்கு வந்துவிடும். இந்த வருடம் மூன்று மேளக் குழுக்கள். முச்சந்தியில் ஒரு குழுவுக்குப் பத்து நிமிடம். பத்தாவது நிமிடம் கமிட்டித் தலைவர் விசில் ஊதுவார், நிறுத்த வேண்டும். யார் மேலாவது அருள் வந்திருந்தால் மட்டும், அது இறங்குகிற வரைக்கும் அடிக்கலாம். அருள் வந்தவர் ஆடிக்கொண்டிருக்கும்போது மேளத்தை வெட்டக்கூடாது என்பது எங்கள் பக்கத்தில் யாரும் மீறாத வழக்கம்.

“அப்ப வழி இருக்கு,” என்றான் மச்சான். “நீங்க ஆடிருங்க மச்சான்.”

“கிராணியார் மேல சாமி வந்துச்சுன்னா, வந்ததுக்கு ரசீது கேப்பாரு,” என்றார் பாய்.

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. சாமி விஷயத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. மனைவிக்கு உண்டு. அவள் பால்குடம் எடுப்பாள், நான் மேளம் கேட்பேன். நாற்பத்தெட்டு வருடமாக அப்படித்தான் திருவிழாவைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறோம்.

அந்தப் பெண்ணும் சிரித்து முடித்துவிட்டு, கிளாஸைச் சுற்றிக்கொண்டே சொன்னாள்: “உருமிக்கார அண்ணன்கிட்ட நான் கேட்டேன். வெட்டி வெட்டி அடிக்க மாட்டாராம். இந்த வருஷம் வாக்குக் குடுத்தாச்சு, வருவாரு. பத்து நிமிஷத்துல விசில் ஊதுனாங்கன்னா இதோட சரி. இனி இந்தக் கோயிலுக்கு வர மாட்டாங்க.”

அவர்கள் சாலையில் விட்டு அடிக்கும் இடங்கள் முன்பு ஐந்தாறு இருந்தன. ஒன்றொன்றாக அனுமதி, நேரம், போக்குவரத்து என்று குறைந்து, எனக்கு எட்டுகிற தூரத்தில் மிச்சமிருந்தது செமிலிங்கும் இந்த முச்சந்தியும்தான். செமிலிங்கில் அடுத்த வருடம் மேளமே வேண்டாம் என்று ஏற்கெனவே முடிவாகிவிட்டது. என் முழங்கால் இருக்கிற நிலையில் நான் வேறு மாநிலத்துக்குப் போய்க் கேட்கப்போவதில்லை.

மறுநாள் தலைவர் வீட்டுக்குப் போனேன். கட்டுமானக் குத்தகை எடுப்பவர், நாற்பத்தைந்து வயது, மரியாதை தெரிந்தவர். நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

“ஐயா, பொலீஸ் பெர்மிட் பத்து மணி வரைக்கும்தான். பால்குடம் எடுக்கிற பொம்பளைங்க தலையில பாரத்தோட வெயில்ல நிக்கிறாங்க. இவங்க அரை மணி நேரம் அடிச்சா பால் தயிராயிடும். கோயில் திருவிழா ஐயா இது. கச்சேரி இல்ல.”

“மூணு குழுவக் கூப்பிட்டது யாரு? ஒண்ணு போதுமே.”

“மூணு குழுவுக்கும் ஆளுங்க இருக்காங்க ஐயா. உங்களுக்கு ஒண்ணு பிடிக்கும், அவங்களுக்கு வேறொண்ணு.”

“இருபது நிமிஷம் குடுங்க. இருபதுல அவங்க போயிட்டுத் திரும்பிடுவாங்க.”

“பத்துதான் ஐயா. கமிட்டில முடிவாயிடுச்சு.”

அவர் சொன்ன காரணங்களில் பொம்பளைகள் வெயிலில் நிற்கிற காரணம் சரியானது. அப்போதே எனக்குத் தெரியும். அதனாலேயே இன்னும் கோபமாக வீடு திரும்பினேன்.

திருவிழா அன்று ஊர்வலம் ஆற்றங்கரையிலிருந்து கிளம்பி எட்டரை மணிக்கு முச்சந்திக்கு வந்தது. முன்னால் மேளம், நடுவில் பால்குடங்கள், பின்னால் லாரியில் அம்மன். பால்குடம் நூற்றுப் பன்னிரண்டு, என் மனைவியுடையது இருபத்து மூன்றாவது. எங்கள் ஆட்கள் எட்டு முப்பத்திரண்டுக்குத் தொடங்கினார்கள். நான் வலது ஓரம், மின்கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றேன். மச்சான் எதிர்ப்பக்கம். அந்தப் பெண் கைத்தொலைபேசியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தாள்.

அன்றைக்கு அவர்கள் வழக்கத்தைவிடச் சீக்கிரமே கிளம்பிவிட்டார்கள். எட்டாவது நிமிடத்திலேயே ஜால்ரா நின்றது. தவில் இரண்டும் தேய்ந்து தேய்ந்து, உருமி மட்டும் மிஞ்சியது. கூட்டத்தில் குழந்தை அழுகிற சத்தம்கூடக் கேட்டது. பம்பைக்காரர்கள் குச்சியைத் தூக்கியபடி காத்திருந்தார்கள். எப்போது விழப்போகிறது என்று உருமிக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. தலைவர் விசிலை வாயில் வைத்தார். ஊதினார்.

என்ன நடந்தது என்பதை வரிசையாகச் சொல்கிறேன். நான் நேரே அவரிடம் நடந்தேன். கோபம் வந்தால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும், பேச்சு வராது, அதனால் கையை ஆட்டினேன். என் கைகள் இரண்டு வருடமாகத் தாமாகவே நடுங்குகின்றன; டாக்டர் வயசுதான் என்றார். மழைச் சேற்றில் வலது செருப்பு புதைந்தது. இழுத்ததில் வார் அறுந்தது. ஒற்றைக் காலில் இரண்டு குதி குதித்தேன். இடது செருப்பும் போயிற்று. காலுக்கடியில் கூரான ஜல்லி, அதனால் இன்னும் குதித்தேன். சாம்பிராணிப் புகையில் என் கண் எப்போதுமே சிவந்துவிடும். இவ்வளவுதான். இதில் எந்த இடத்தில் அம்மன் இருக்கிறாள் என்று யாராவது காட்டட்டும்.

அப்போது எதிர்ப்பக்கமிருந்து மச்சானின் குரல். லாரிக்காரன் தொண்டை, ஊருக்கே கேட்கும்.

“மச்சான் மேல வந்துருச்சு! வழி விடுங்க, அடிக்கச் சொல்லுங்க!”

தூக்கிப் பிடித்திருந்த குச்சிகள் பம்பைத் தோலில் விழுந்தன. அந்த விழுகையை நான் வாழ்நாளில் மறக்கமாட்டேன். பெண்கள் குலவையிட்டார்கள். யாரோ என் நெற்றியில் திருநீற்றை அப்பினார்கள், யாரோ வாயில் எலுமிச்சம்பழத்தைத் திணித்தார்கள், காலில் மஞ்சள் தண்ணீர் விழுந்தது. நான் பழத்தைத் துப்பினேன். அதற்கும் குலவை. தலைவர் எனக்கு முன்னால் கைகூப்பி நின்றார், விசில் கயிற்றில் தொங்கியது. அருள் வந்தவரிடம் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டார்.

“தாயே, என்ன வேணும்? சொல்லு தாயே.”

அவர் யாரிடம் கேட்கிறார் என்று அப்போது எனக்கு ஓடவில்லை. ஒருவழியாக என்னிடம் கேட்டுவிட்டார் என்றுதான் நினைத்தேன். தொண்டையும் அப்போதுதான் திறந்தது.

“இருபது நிமிஷம்! இந்த வருஷம் மட்டும் இல்ல, வருஷா வருஷம்!”

“சரி தாயே. வேற என்ன வேணும்?”

“விசில் ஊதாதே!”

அவர் விசிலைக் கழற்றிப் பையில் போட்டார்.

மேளம் போனது. இரண்டு பேர் என் தோளைப் பிடித்திருந்தார்கள், அது ஒரு தொல்லை, ஆனால் உருமிக்கு ஐந்தடி தூரத்தில் நின்றேன், அவ்வளவு பக்கத்தில் அதற்கு முன் நின்றதில்லை. பதினான்காவது நிமிடம் வந்தது. அவர்கள் கண்ணில் நான் இல்லை, கூட்டமும் இல்லை. ஒரு பம்பை ஒரு தட்டைக் கீழே போட்டது, மற்றது அதை எடுக்காமல் தாண்டிப் போனது, மூன்று சுற்று கழித்து உருமி அதைத் திரும்பி வந்து எடுத்தது. இருபத்திரண்டில் பழைய நடை தூரத்தில் தெரிந்தது. அதை நோக்கிப் போகாமல் அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள். இருபத்தாறாவது நிமிடம், தொடங்கிய அதே அடியில், பதினொரு பேரும் ஒன்றாக வந்து இறங்கினார்கள். மணி எட்டு ஐம்பத்தெட்டு. அருள் வந்தவன் மணி பார்ப்பானா? இதுதான் என் ஆதாரம். இன்றுவரை ஒருவரும் ஏற்றுக்கொள்ளவில்லை.

அடுத்த நாள் பாய் கடையில் மச்சானைப் பிடித்தேன். “ஏன்டா அப்படிக் கத்துன?”

“நீங்க விழுந்து மண்டைய ஒடச்சுக்குவீங்கன்னு பயந்துட்டேன்.”

“பொய் சொல்லாத.”

அவன் தேத்தண்ணீரை ஆற்றிக்கொண்டிருந்தான். “பம்பக் குச்சி மேல தூக்கியிருந்துச்சு இல்ல, அது எப்ப விழும்னு பார்க்கணும் போல இருந்துச்சு. இவரு போயி நடுவுல விசில் ஊதுறாரு.”

“பாத்தீங்களா, பாத்தீங்களா,” என்றாள் அந்தப் பெண்.

“என்னா பாத்தீங்களா? பதினேழு நிமிஷம் போதும். மிச்சம் ஒம்பதும் சும்மா இழுவை.”

அந்த வாரம் முழுவதும் வீட்டுக்கு ஆள் வந்தபடி இருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் லாட்டரிக்கு நாலு நம்பர் கேட்டார். என்னிடம் நம்பர் இல்லை, நான் கேட்டது இருபது நிமிடம் மட்டும்தான் என்று விரட்டினேன். அவர் அதையே எழுதிவிட்டார். விழவில்லை. அவர் அம்மனைக் குறை சொல்லவில்லை, என்னைத்தான் இன்னும் முறைக்கிறார்.

வெள்ளிக்கிழமை தலைவர் வெற்றிலைத் தட்டோடு வந்தார்.

“ஐயா, அம்மா வாய் தொறந்து கேட்டுட்டா. இருபது நிமிஷம், அதுல மாத்தம் இல்ல. விசிலும் இல்ல. மத்த ரெண்டு குழுவையும் ஆத்தங்கரையிலேயே அடிக்க வெச்சுடுறோம். ஆனா கேட்டது உங்க வழியா. வழக்கப்படி அடுத்த வருஷத்து மேள உபயம் உங்களோடது.”

“கேட்டது நான்தான்.”

“அதைத்தான் ஐயா சொல்றேன்.”

“அம்மா கேக்கல. நான் கேட்டேன். எனக்குப் புத்தி தெளிவா இருந்துச்சு.”

அவர் என் மனைவியைப் பார்த்தார். “எறங்குனதுக்கப்புறம் யாருக்கும் ஞாபகம் இருக்காதும்மா.”

“எல்லாம் ஞாபகம் இருக்கு. நீங்க பத்து விநாடி முன்னாலேயே ஊதிட்டீங்க. எட்டு நாப்பத்தொண்ணு அம்பது.”

அவர் கண்ணை மூடி இரண்டு கையையும் கூப்பினார். மூன்று தடவை உண்மையைச் சொன்னேன். இன்னும் உரக்கச் சொல்லி, பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று நிரூபித்தால், அது ஒரு கிழவனின் ஆசை என்று ஆகிவிடும். மறுபடியும் பத்து நிமிடம், மறுபடியும் விசில், உருமிக்காரர் வரமாட்டார். நான்காவது தடவை சொல்லவில்லை. நம்பாதது அவர்கள் பாடு. தட்டை வாங்கி வைத்தேன்.

“பணம் நான் தர்றேன். அம்மா தர்றதா போர்டுல போடாதீங்க,” என்றேன்.

“சரிங்க ஐயா,” என்றார், என்னை நம்பாத முகத்தோடு.

அவர் போன பிறகு மனைவி என் எதிரே வந்து உட்கார்ந்தாள். கழுத்தில் தைலம் தடவியிருந்தாள். இருபத்தாறு நிமிடமும் அவள் தலையில் பால்குடத்தோடு அந்த வெயிலில் நின்றிருந்தாள்.

“ஒண்ணு கேக்கிறேன், நேரா சொல்லுங்க. அம்மா கேட்டிருந்தா எனக்குக் கழுத்து வலிக்கல. நீங்க கேட்டிருந்தா வலிக்குது. யாரு கேட்டது?”

உலகத்திலேயே என்னை நம்பத் தயாராக இருந்தவள் அவள் ஒருத்திதான்.

“வலிக்குது,” என்றேன்.

“அப்ப பந்தல் போடுங்க. எல்லாருக்கும்.”

போட்டேன். இந்த வருடத் திருவிழா முடிந்து ஒரு வாரம் ஆகிறது. முச்சந்தியின் ஒரு பக்கம் முழுவதும் பந்தல், அதற்கடியில் நூற்றுப் பதினெட்டுப் பால்குடங்கள், எல்லாருக்கும் மோர். மேளம் இருபது நிமிடம் ஐந்து விநாடி. அந்த ஐந்து விநாடியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. நேற்று பாய் கடையில் அந்தப் பெண் போன வருடத்து அடிதான் உசத்தி என்றாள், அன்றைக்கு அவர்களுக்குப் பயம் இருந்தது, இன்றைக்கு இல்லை என்கிறாள். மச்சான் பதினேழைவிட்டு இறங்க மறுக்கிறான். நான் இந்த வருடத்துப் பதினாறாவது நிமிடத்துக்காக இன்னும் ஒரு மாதமாவது சண்டை போடுவேன். மேசையில் அடித்துக் காட்டியதில் உடைந்த ஒரு கிளாசுக்குப் பாய் என் பெயரில் கணக்கு எழுதிவிட்டார். அதைக் கீழே உள்ள திருவிழாக் கணக்கில் சேர்க்கவில்லை.

மேளக் குழுவுக்கு ஆயிரத்து எண்ணூறு வெள்ளி. பந்தலும் மோரும் அறுநூற்று நாற்பது. மாலை, எலுமிச்சம்பழம் நாற்பத்தைந்து. போன வருடம் சேற்றில் போன செருப்புக்குப் பதில் வாங்கியது முப்பத்தொன்பது. மொத்தம் இரண்டாயிரத்து ஐந்நூற்று இருபத்து நான்கு வெள்ளி.